உடல் சொன்ன சாட்சியம்: பார உலோகங்களை அறியும் பக்டீரியாக்களின் வரலாறு

2019 வரை கியூபெக்கில் வீட்டுக் குழாய் நீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் நீரை ஓடவிட வேண்டும். அதன் பிறகே போத்தலில் பிடிக்க வேண்டும். வீதியின் பெருங்குழாயையும் வீட்டையும் இணைக்கும் ஈயக் குழாயில் இரவு முழுவதும் தேங்கி நின்று ஈயத்தைக் கரைத்துக்கொண்ட நீர் அந்த ஐந்து நிமிடத்தில் வடிகானுக்குள் போய்விடும். ஆய்வுகூடத்துக்குப் போவது புதிதாக ஓடி வந்த நீர். ஆனால் காலையில் எழுந்து தேநீருக்குக் கேத்தல் நிரப்புகிறவர் ஐந்து நிமிடம் காத்திருப்பதில்லை. குழந்தைக்குப் பால்மா கரைக்கிறவரும் காத்திருப்பதில்லை.

2019 ஒக்ரோபரில் மொன்றியல் கொன்கோடியா பல்கலைக்கழகத்தின் புலனாய்வு இதழியல் நிறுவனமும், லு துவார் நாளிதழும், குளோபல் நியூசும் இணைந்து இந்த முறையின் ஓட்டையை வெளிக்கொண்டு வந்தன. அதே ஆண்டு மார்ச்சில்தான் கனடா சுகாதாரத் துறை குடிநீரில் ஈயத்துக்கான வரம்பை லீற்றருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்திருந்தது. மாகாண அரசு அந்த வரம்பை ஏற்பதாகவும், ஐந்து நிமிட விதியைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. மொன்றியல் நகரசபை 2030க்குள் ஈயக் குழாய்களை மாற்றிவிடுவதாக உறுதியளித்தது. 1970க்கு முன் கட்டப்பட்ட, எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடங்களிலேயே இந்தக் குழாய்கள் பெரும்பாலும் இருக்கின்றன. இந்த நகரத்துக்கு வந்த புதிதில் நம்மவர்கள் வாடகைக்குக் குடிபுகுந்த பழைய மூன்று மாடி வீடுகளும் இந்த வகைக்குள் அடங்குபவைதான்.

ஆய்வுகூடக் கருவி பொய் சொல்லவில்லை. கொடுத்த நீரில் இருந்த ஈயத்தை அது சரியாகவே எண்ணியது. குடிக்கிறவரின் வாய்க்குள் போகும் நீர் எது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஓரிடத்தில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு உயிருக்குள் போகிறது என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு வேதியியலாளரிடம் விடை உண்டு. இரண்டாவது கேள்விக்கு விடை தேடி பக்டீரியாக்களிடம் போனதன் வரலாறு அரை நூற்றாண்டு பழையது. அதில் மொன்றியலுக்கும் ஒரு பங்குண்டு.

*

1955இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானி அலன் வோல்ஷ் அணு உறிஞ்சல் நிறமாலை முறையை முன்வைத்தார். ஒவ்வொரு உலோகத்தின் அணுவும் தனக்கே உரிய அலைநீள ஒளியை உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்து எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று கணக்கிடலாம். பார உலோக மாசை மிகச் சிறிய அளவிலும் அளக்க முடிந்ததற்கு இந்த முறையும் அதன் வழிவந்த கருவிகளுமே காரணம்.

இந்த முறையில் சேற்றையோ மண்ணையோ அளக்க வேண்டுமானால் முதலில் அதைக் கடும் அமிலத்தில் இட்டுக் கரைக்க வேண்டும். களிமண்ணோடு ஒட்டிக் கிடந்த உலோகம், கந்தகத்தோடு பிணைந்து கரையாமல் கிடந்த உலோகம், நீரில் தனி அயனாகத் திரிந்த உலோகம் எல்லாம் அந்த அமிலத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் ஒரு மீனுக்கோ பாசிக்கோ இவை ஒன்றல்ல. கந்தகத்தோடு இறுகிய பாதரசம் பெரும்பாலும் அதன் உடலுக்குள் நுழையாது. தனி அயன் நுழையும். ஆக, ஒரே அளவு பாதரசம் கொண்ட இரண்டு சேற்று மாதிரிகளில் ஒன்று உயிரைக் கொல்லலாம், மற்றது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாமல் இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை முதலில் அறிந்தவை உடல்களே. யப்பானின் மினமாட்டாவில் 1956 மே 1ஆம் திகதி நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாவதற்கு முன்னரே மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து ஆடி விழுந்து செத்தன. சிசோ தொழிற்சாலையின் மருத்துவமனைக்குப் பொறுப்பாக இருந்த ஹொசோகவா ஹஜிமே, 1959இல் அதே தொழிற்சாலையின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400ஆம் இலக்கப் பூனை. அதற்கும் அதே நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை மறைத்தது. கழிவு கடலுக்குள் போவது 1968 வரை நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இது தூரத்துக் கதையல்ல. சுன்னாகத்தில் கிணறுகள் கெட்டது எண்ணெயால், உலோகத்தால் அல்ல. ஆனால் அங்கும் முதலில் அறிந்தது கருவியல்ல. வாளியில் அள்ளிய நீரை முகர்ந்த மூக்கு. அந்த மூக்கின் சாட்சியம் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பாக 2019 ஏப்ரலில்தான் வந்தது.

*

உடல் அறியும், ஆனால் அறியும்போது கெட்டுப்போயிருக்கும். அந்தப் பாரத்தை மனிதரும் பூனையும் சுமக்காமல் வேறொரு சிற்றுயிரிடம் கொடுக்க முடியுமா? இதற்கான வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

பாதரசச் சேர்மங்கள் நெடுங்காலம் மருத்துவமனைகளில் கிருமிநாசினியாகப் பயன்பட்டன. கிருமிகளில் சில அதற்கும் பழகிக்கொண்டன. 1968இல் நோவிக், ரோத் என்ற இரு ஆய்வாளர்கள், சீழ்க்கட்டிகளில் காணப்படும் ஸ்டஃபிலோகொக்கஸ் பக்டீரியாவில் உலோக உப்புகளைத் தாங்கும் ஆற்றல் பிளாஸ்மிட் என்ற தனி மரபணு வளையத்தில் இருப்பதைக் காட்டினர். 1972இல் ஆன் சமர்ஸ், சைமன் சில்வர் ஆகியோர் ஈ. கோலை பக்டீரியாவின் ஒரு வகை பாதரசத்தோடு என்ன செய்கிறது என்பதை விளக்கினர். அது பாதரச அயனை உள்ளே எடுத்து, ஆவியாகும் உலோகப் பாதரசமாக மாற்றி வெளியே விட்டுவிடுகிறது.

இதற்கான 'மெர்' மரபணுத் தொகுதிக்கு ஒரு காவலாளி உண்டு. மெர்-ஆர் என்ற புரதம் மரபணுக்களின் வாசலில் உட்கார்ந்திருக்கும். பாதரசம் இல்லாதபோது வாசல் பூட்டியிருக்கும். ஒரு பாதரச அயன் வந்து அதனோடு ஒட்டியதும் புரதம் தன் வடிவத்தை மாற்றும், வாசல் திறக்கும், பாதரசத்தை அகற்றும் நொதியங்கள் உற்பத்தியாகும். மிகச் சொற்ப பாதரசமே இதற்குப் போதும். இந்த ஏற்பாடு மருத்துவமனைக்கு முன்னரே இருந்தது. எரிமலை வாயிலும் வெந்நீர் ஊற்றிலும் பாதரசத்தோடு வாழ்ந்த நுண்ணுயிர்களிடமும் இதே மரபணுக்கள் இருக்கின்றன.

வாசல் திறந்ததை வெளியே இருந்து பார்ப்பது எப்படி? அதற்கு ஒளி வேண்டும். கடலில் ஒளிரும் பக்டீரியாக்கள் உண்டு. அவற்றில் ஒன்றான விப்ரியோ பிஷெரி, ஹவாய்க் கடலில் வாழும் சிறு கணவாய் ஒன்றின் உடலில் குடியிருப்பது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெக்மன் நிறுவனம் ஒளிரும் கடற் பக்டீரியாவை வைத்து மைக்ரோடொக்ஸ் என்ற பரிசோதனையைக் கொண்டுவந்தது. நஞ்சு பட்டால் பக்டீரியாவின் ஒளி மங்கும். அரை மணி நேரத்துக்குள் விடை கிடைக்கும். ஆனால் எந்த நஞ்சு என்று அது சொல்லாது. ஈயம் பட்டாலும் மங்கும், பூச்சிகொல்லி பட்டாலும் மங்கும்.

1983இல் எங்கபிரெக்ட், நீல்சன், சில்வர்மன் ஆகியோர் அந்தக் கடற் பக்டீரியாவின் ஒளி மரபணுக்களை ஈ. கோலைக்குள் இட்டு அதையும் ஒளிரச் செய்தனர். பத்து ஆண்டுகளில் இரு கதைகளும் ஒன்றாயின. 1993இல் செலிஃபோனோவா, பர்லாஜ், தமார் பார்கே ஆகிய மூவரும் மெர் காவலாளியை ஒளி மரபணுக்களின் முன்னால் உட்கார வைத்தார்கள். இப்போது பாதரசம் வந்தால் வாசல் திறக்கும், பக்டீரியா ஒளிரும். மைக்ரோடொக்ஸில் விளக்கு அணைவது எச்சரிக்கை. இதில் விளக்கு எரிவது எச்சரிக்கை; அதோடு நஞ்சின் பெயரையும் அது சொல்கிறது. முக்கியமானது இன்னொன்று: பாதரசம் பக்டீரியாவின் உடலுக்குள் புகுந்தால்தான் அந்த விளக்கு எரியும். வெளியே எவ்வளவு கிடந்தாலும் உள்ளே போகாதது கணக்கில் வராது. இரண்டாவது கேள்விக்கான விடை இது.

*

இதே காலத்தில் மொன்றியலில் வேறொரு வழியில் அதே கேள்வி எழுந்தது. சென் லோரன்ஸ் நதியின் இரு கரைகளிலும் காகித ஆலைகள், உலோக ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், இரசாயனத் தொழிற்சாலைகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கழிவைக் கொட்டி வந்தன. 1988இல் சென் லோரன்ஸ் செயற்றிட்டம் தொடங்கியது. 50 தொழிற்சாலைகளைத் தெரிந்து, அவற்றின் நச்சுக் கழிவை 1993க்குள் 90 சதவீதம் குறைப்பது இலக்கு. ஆனால் 'நச்சை' எப்படி அளப்பது? ஒரு ஆலையின் கழிவில் பல நூறு சேர்மங்கள் கலந்திருக்கும். ஈயம் இவ்வளவு, நாகம் இவ்வளவு என்று தனித்தனியே அளந்தாலும் அவை சேர்ந்து என்ன செய்யும் என்பது தெரியாது. மீனை வைத்துப் பரிசோதிக்கலாம். அதற்கு நிறைய மீனும் நிறைய நீரும் வேண்டும்.

பழைய மொன்றியலின் மக்கில் வீதியில் இயங்கிய கனடா சுற்றுச்சூழல் துறையின் சென் லோரன்ஸ் மையத்தில் கிறிஸ்டியான் பிளேஸ் முதலிய ஆய்வாளர்கள் சிற்றுயிர்களிடம் கேட்டார்கள். ஒளிரும் விப்ரியோ பக்டீரியா ஒன்று. மரபணு சேதமடைந்தால் நீல நிறம் காட்டும் ஈ. கோலை இன்னொன்று, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் 1982இல் உருவானது அது. மூன்றாவது ஒரு பச்சைப் பாசி. நான்காவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நன்னீர்க் கூனி வகை. நான்கின் விடைகளையும் கழிவு ஓடும் அளவோடு பெருக்கி, மடக்கை அளவுகோலில் ஓர் எண்ணாகத் தந்தார்கள். 1993இல் வெளியான இந்தச் சுட்டெண்ணுக்குப் பீப் என்று பெயர். பூச்சியத்திலிருந்து பத்து வரையான அளவுகோல். பூகம்பத்தை அளப்பதுபோல, ஒரு புள்ளி கூடினால் நச்சுச் சுமை பத்து மடங்கு.

ஓட்ட அளவைச் சேர்த்ததில் ஒரு நியாயம் இருந்தது. 'எங்கள் கழிவு மிகவும் ஐதானது' என்று சொல்லும் ஆலை அந்த ஐதான கழிவை நாளொன்றுக்கு ஆறுபோல ஓடவிட்டால் நதிக்கு வந்து சேரும் நஞ்சு குறையாது. வெவ்வேறு தொழில்களை ஒரே கோலில் நிறுத்தி, எதை முதலில் திருத்த வேண்டும் என்று சொல்ல இந்த எண் உதவியது.

ஆனால் ஏற்கனவே படிந்துவிட்டதை என்ன செய்வது? இந்த நகரத்தின் தென்மேற்கில் ஓடும் லஷீன் கால்வாய் 1825இல் திறக்கப்பட்டது. அதன் கரைகளில்தான் கனடாவின் தொழிற்புரட்சி நடந்தது என்பார்கள். 1970இல் கப்பல் போக்குவரத்து முற்றாக நின்றது. 2002இல் உல்லாசப் படகுகளுக்காக மீண்டும் திறந்தார்கள். அடியில் ஈயமும் செம்பும் நாகமும் பாதரசமும் எண்ணெயும் கலந்த சேறு இருக்கிறது. அதைக் கிளறி அள்ளுவதைவிடக் கிளறாமல் விடுவதே குறைந்த தீங்கு என்று முடிவெடுத்தார்கள். கோடையில் அங்கே படகு விடலாம், கரையில் சைக்கிள் ஓடலாம், நீந்த முடியாது. உலோகம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியும் எவ்வளவு உயிரை எட்டுகிறது என்ற கேள்வியும் பிரியும் இடத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அட்வோட்டர் சந்தையருகே போய் அந்த நீரைப் பார்க்கலாம்.

*

பக்டீரியா எப்போதும் மனிதர் பக்கத்துச் சாட்சி அல்ல. மொன்றியலின் விளக்குகளுக்கு மின்சாரம் பெருமளவில் வடக்கிலிருந்து வருகிறது. 1971 ஏப்ரல் 30ஆம் திகதி கியூபெக் முதல்வர் றொபேர் புறாசா ஜேம்ஸ் குடா நீர்மின் திட்டத்தை அறிவித்தார். சுற்றுச்சூழல் மதிப்பீடு எதுவும் நடந்திருக்கவில்லை. அங்கு வாழ்ந்த கிறீ மக்களிடம் கேட்கவும் இல்லை. 1979இல் லா கிராண்ட் நதியின் பெரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் நீர்த்தேக்கம் மட்டும் ஏறத்தாழ 2,800 சதுர கிலோமீற்றர்.

காடும் சதுப்பும் நீருக்குள் போயின. மூழ்கிய இலையும் வேரும் அழுகியபோது அதை உண்ட பக்டீரியாக்கள், மண்ணிலே தூங்கிக் கிடந்த பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றின. சேற்று நுண்ணுயிர்கள் இதைச் செய்யும் என்று ஜென்சன், யேர்ணலோவ் ஆகிய இருவர் நேச்சர் இதழில் எழுதியது 1969இல். திட்டம் அறிவிக்கப்பட்டதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர். மீதைல் பாதரசம் பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் ஏறி, ஒவ்வொரு படியிலும் செறிவானது. கடைசிப் படியில் இருந்தவர்கள் கிறீ மக்கள்.

அங்கும் முதற் கருவி உடல்தான். மீதைல் பாதரசம் வளரும் தலைமுடியில் படியும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், ஓர் இழையை நறுக்கி அளந்தால் அவர் எந்த மாதத்தில் எவ்வளவு பாதரசம் உண்டார் என்று வாசிக்கலாம். 1984இல் சிசாசிபி ஊரில் நடந்த பரிசோதனையில் மூவரில் ஏறத்தாழ இருவரின் உடலில் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்கு மேல் பாதரசம் இருந்தது. 1986இல் கிறீ மக்களும் கியூபெக் அரசும் ஹைட்ரோ-கியூபெக்கும் பாதரச ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பமிட்டனர். பெரிய மீனைத் தின்னாதீர்கள் என்ற ஆலோசனை வந்தது. தலைமுறை தலைமுறையாக மீனால் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆலோசனையே இன்னோர் இழப்பு. தின்றால் பாதரசம், விட்டால் தூரத்திலிருந்து வரும் கடைச் சாப்பாடு.

எந்த மரபணுக்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன என்பது 2013இல்தான் கண்டறியப்பட்டது. சிசாசிபியில் தலைமுடி நறுக்கப்பட்டு 29 ஆண்டுகளுக்குப் பிறகு.

*

அதே 1980களில் பாதரசம் தமிழ் மண்ணுக்கும் வந்தது. நியூ யோர்க் மாநிலத்தின் வோட்டர்டவுனில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை அப்படியே பெயர்க்கப்பட்டு 1983இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பொன்ட்ஸ் நிறுவனத்தினுடையதாக இருந்து பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் போனது. பாம்பார்ச் சோலையின் விளிம்பில் இருந்தது அது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் 7.4 தொன் பாதரசம் தோய்ந்த கண்ணாடித் துண்டுகள் கிடந்ததைப் பழனிமலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீசும் ஊர் மக்களோடு சேர்ந்து வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் 290 தொன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

அங்கும் சாட்சி சொன்னவை உயிர்கள். ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் மரங்களில் படர்ந்த பாசிகளையும் கற்பாசிகளையும் ஏரி மீன்களையும் எடுத்து அளந்தார்கள். காற்றில் போன பாதரச ஆவியை அந்தப் பாசிகள் உடலில் சேர்த்து வைத்திருந்தன. ஆனால் தங்கள் உடலைப் பற்றி முன்னாள் தொழிலாளர்கள் சொன்னதற்கு ஓர் உடன்பாடு கிடைக்க 2016 மார்ச் வரை ஆனது. 591 பேர் அதில் அடங்கினர்.

மண்ணைச் சுத்திகரிப்பதில் இன்னொரு வழக்கு. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்று, அந்த இடத்துக்கென்று தனியே செய்த இடர்க் கணிப்பை வைத்து முடிவானது. கனடாவில் குடியிருப்பு நிலத்துக்கான வழிகாட்டல் அளவு 6.6 மில்லிகிராம். மொன்றியலில் ஒருவர் தன் வீட்டுப் பின்வளவில் கத்தரி நடுவதற்கு ஏற்றதென்று கருதப்படும் மண்ணைவிட மூன்று மடங்கு பாதரசம் சோலையருகே இருக்கலாம். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இதை எதிர்த்தார்கள்.

உயிரை எட்டும் பங்கு என்ற கருத்து இரு பக்கமும் வெட்டும் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்த அளவு குறைவாக இருந்தாலும் இது உயிரைக் கொல்லும் என்று அதைக் கொண்டு எச்சரிக்கலாம். மொத்த அளவு கூடுதலாக இருந்தாலும் இதில் சிறு பங்கே உயிரை எட்டும், ஆகவே விட்டுவிடலாம் என்று வாதிடவும் முடியும். பக்டீரியா இன்று, இந்த நீரில், இந்த வெப்பநிலையில் தன் உடலுக்குள் வந்ததைச் சொல்கிறது. நாளை வெள்ளம் வந்து சேறு கிளறப்பட்டால் என்னவாகும் என்று அதற்குத் தெரியாது. அதை ஜேம்ஸ் குடா காட்டியது: அங்கே மண்ணில் பாதரசத்தின் மொத்த அளவு அதிகம் மாறவில்லை, நீர் ஏறியது, அவ்வளவுதான்.

*

உயிர் உணரிகள் இன்னும் ஆய்வுகூடங்களையே பெரிதும் சுற்றி வருகின்றன. மரபணு மாற்றிய உயிரை வெளியே கொண்டுபோகச் சட்டங்கள் தடை போடுகின்றன. அவற்றை உயிரோடு வைத்திருப்பதும் வேலை. சட்டத்தின் வரம்புகளோ பெரும்பாலும் மொத்த உலோகத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. எனினும் சுவிற்சர்லாந்தில் யான் றோலோஃப் வான் டெர் மேரின் குழு 2003இல் உருவாக்கிய ஆசனிக் உணரிப் பக்டீரியாக்கள் வியட்நாமின் கிணற்று நீரில் பரிசோதிக்கப்பட்டன. குழாய்க் கிணறுகளின் ஆசனிக் வங்காளதேசத்தில் கோடிக்கணக்கானோரைத் தொட்ட பிறகு, கிராமத்துக்கே கொண்டுபோகக்கூடிய மலிவான பரிசோதனை ஒன்று அவசியம் என்பதை யாரும் மறுக்கவில்லை.

ஆயினும் இந்த வரலாற்றில் கருவி இல்லாததால் மட்டும் யாரும் நஞ்சுண்டதாகத் தெரியவில்லை. மினமாட்டாவில் 400ஆம் பூனை 1959இலேயே சொன்னது. ஜேம்ஸ் குடாவுக்கு முன்னரே நேச்சர் இதழ் சொன்னது. கொடைக்கானல் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகள் சொன்னார்கள். மொன்றியலில் ஈயத்தை எண்ணும் கருவி எப்போதும் இருந்தது. ஐந்து நிமிடம் ஓடவிடு என்று எழுதிய ஒரு வரிதான் அதன் கண்ணைக் கட்டியது. அந்த வரியை மாற்ற வைத்தவர்கள் வீடு வீடாகப் போய்க் குழாய் நீரைப் பிடித்த மாணவர்களும் செய்தியாளர்களும், கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்ட குடியிருப்பாளர்களும்.

உங்கள் வீடு 1970க்கு முந்தியதென்றால் நகரசபையின் இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்து ஈயக் குழாய் இருக்கக்கூடுமா என்று பார்க்கலாம். மாதிரி எடுக்க வருகிறவரிடம், எந்த நீரைப் பிடிக்கிறீர்கள் என்று கேளுங்கள்.